முதல் கட்டப் பணமும் முதல் கையெழுத்தும்

(புத்தாக்க வழிகாட்டி ஆசிரியர்களுக்காக நடைபெற்ற மாவட்ட அளவிலான பயிற்சியில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தொடக்கப் பள்ளிகளிலிருந்தும் மேல்நிலைப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கிற ஆசிரிய நண்பர்களே, மதிய உணவுக்குப் பிறகான வேளை இது. எட்டாவது பாடவேளையில் பிள்ளைகள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்பது இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது. எனவே சுருக்கமாகவே பேசுகிறேன்.

சிறு தொழில்களில் புதுமை செய்வோருக்கு அரசு தருகிற உதவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். திட்டங்களின் பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுப் போவது எளிது. நீங்களும் குறித்துக்கொள்வீர்கள், அந்தக் குறிப்பேடு அடுத்த பயிற்சி வரை பையிலேயே இருக்கும். அதனால் திட்டங்களுக்கு முன்பு, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஒரு வெள்ளைத்தாள்

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு கோவை மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பணியாற்றினேன். சுற்றிலும் லேத் பட்டறைகள், மோட்டார் பம்ப் உதிரி பாகம் செய்யும் சிறு கூடங்கள். எங்கள் மாணவர்களில் பாதிப்பேரின் அப்பாக்கள் அந்தப் பட்டறைகளில்தான் வேலை செய்தார்கள். இன்ஸ்பயர் மானக் விருதுக்கு யோசனைகளை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. உங்களுக்குத் தெரியும், ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகளை அனுப்பலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு தாளை நீட்டினான். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் பென்சிலால் ஒரு கிரைண்டர் வரைந்திருந்தான். அவன் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு ஆட்டி அக்கம்பக்கத்தில் விற்பவர். பழைய மாதிரி பெரிய கிரைண்டர். தினமும் குழவிக் கல்லைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து அவருக்கு இடுப்பு வலி. சைக்கிள் பிரேக் ஒயரையும் ஒரு ஸ்பிரிங்கையும் ஒரு நெம்புகோலையும் வைத்துக் கல்லைத் தூக்க முடியுமா என்பது அவன் கேள்வி. படத்துக்குக் கீழே நான்கு வரிகள் எழுதியிருந்தான். அதில் ஐந்து எழுத்துப் பிழைகள்.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் பிழைகளைத் திருத்தினேன். "நல்லா இருக்குப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றேன். அந்த ஆண்டு அனுப்பிய ஐந்தும் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டவை. தானாக அணையும் தெருவிளக்கு, மழை வந்தால் ஒலிக்கும் மணி, இப்படி. அவற்றில் மூன்றாவது இணையத்திலிருந்து எடுத்தவை என்பது எனக்கு அப்போதே உள்ளூரத் தெரியும். ஆனால் அவற்றைப் படிவத்தில் நிரப்புவது எளிதாக இருந்தது.

இந்தத் தாளை ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

பட்டறைக்கு ஏன் அரசின் கை வேண்டும்?

நண்பர் ஒருவர் காலையில் கேட்டார்: "தொழில் செய்கிறவர் லாபத்துக்காகச் செய்கிறார். அவருக்கு எதற்கு மக்கள் வரிப்பணம்?" நியாயமான கேள்வி. பதிலைப் பட்டறையிலிருந்தே பார்ப்போம்.

நான்கு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை. உரிமையாளருக்கு ஒரு புதிய யோசனை வருகிறது. அதைச் செய்து பார்க்க வேண்டுமானால் எந்திரத்தை இரண்டு நாள் நிறுத்த வேண்டும். அந்த இரண்டு நாளும் ஆர்டர் வேலை நிற்கும். கூலி மட்டும் நிற்காது. இரும்பு வாங்க வேண்டும். முதல் முயற்சி பெரும்பாலும் வீணாகத்தான் போகும். வங்கிக்குப் போனால் கடந்த ஆண்டுகளின் கணக்கைக் கேட்கிறார்கள், ஈடு கேட்கிறார்கள், எந்த மாதத்திலிருந்து தவணை கட்டுவீர்கள் என்று கேட்கிறார்கள். வங்கியைக் குறை சொல்ல முடியாது. அது பிறர் போட்ட சேமிப்புப் பணம். ஆனால் 'இது வேலை செய்யுமா என்றே இன்னும் தெரியாது' என்று சொல்லும் ஒருவரால் தவணைத் தேதியை எப்படிச் சொல்ல முடியும்? கடன் என்பது தெரிந்த வேலைக்கு. தெரியாததைச் செய்து பார்க்க வேறு வகைப் பணம் வேண்டும்.

இரண்டாவது காரணமும் உண்டு. கோவையின் வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் இங்கே உருவெடுத்த பொருள் அது. இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஒரு பட்டறையில் ஒரு மாற்றம் செய்தால் அடுத்த தெருப் பட்டறை அதைப் பார்த்துச் செய்யும். அதற்கடுத்த தெரு அதையும் மேம்படுத்தும். இப்படித்தான் ஒரு நகரமே ஒரு பொருளுக்குப் பெயர் பெற்றது. ஆட்டுக்கல்லில் குனிந்து ஆட்டிய லட்சக்கணக்கான பெண்களின் நேரம் மிச்சமானது. ஆனால் முதலில் செலவு செய்தவருக்கு அந்த நன்மையில் எவ்வளவு திரும்பி வந்திருக்கும்? கொஞ்சம்தான். மீதி ஊருக்குப் போனது. ஊருக்குப் பயன் போகிற செலவில் ஊரும் ஒரு பங்கு போட வேண்டும் என்பதுதான் அரசு உதவியின் அடிப்படை நியாயம். பள்ளிக்கூடத்தை அரசு நடத்துவதற்கும் இதே நியாயம்தானே?

உதவி இல்லாமலும் சிலர் சாதித்திருக்கிறார்கள். கோவையின் அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் எந்திரத்தை உருவாக்கியவர். 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஆண்டுக்கணக்கில் தன் கைக்காசைப் போட்டு, ஊராரின் ஏளனத்தைத் தாங்கிக்கொண்டு செய்து பார்த்தார். அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'விடாமுயற்சி' என்ற பாடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவ்வளவையும் தாங்க முடியாமல் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். அவர்களைப் பற்றித் திரைப்படம் வராது.

ஒரு நாடு கண்ட மூன்று படிகள்

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கா ஒரு வழி கண்டது. அது உலகில் பல நாடுகள் பார்த்துப் பின்பற்றிய வழி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அங்கே அரசின் ஆராய்ச்சிப் பணம் பெரிய நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்தான் பெரும்பாலும் போய்க்கொண்டிருந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி, சிறு நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு வாசல் திறக்க வேண்டும் என்று முயன்றார். 1977இல் சோதனை முறையில் திட்டம் தொடங்கியது. 1982இல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணியைத் தரும் பெரிய அரசுத் துறைகள் ஒவ்வொன்றும், அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கியே ஆக வேண்டும். முதலில் அந்தப் பங்கு படிப்படியாக உயர்ந்து 1.25 விழுக்காடானது; 2017இல் 3.2 விழுக்காட்டை எட்டியது.

எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். மூன்று படிகள் வைத்தார்கள். முதல் படி, 'இது நடக்குமா?' என்று பார்க்க ஒரு சிறு தொகை. ஏறத்தாழ ஆறு மாதம். இதில் தோற்றால் தண்டனை இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டியதில்லை. இரண்டாவது படி, நடக்கும் என்று காட்டியவர்களில் சிலருக்கு மட்டும் பெரிய தொகை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு. மூன்றாவது படியில் இத்திட்டத்திலிருந்து பணமே கிடையாது. சந்தைதான் வாங்க வேண்டும், அல்லது அரசுத் துறை வாடிக்கையாளராக வந்து வாங்க வேண்டும். கைப்பேசித் தொழில்நுட்பத்தில் இன்று பெரும்பெயர் பெற்ற குவால்காம் நிறுவனம், தொடக்க காலத்தில் இந்தத் திட்டத்தின் பணத்தைப் பெற்ற சிறு நிறுவனங்களில் ஒன்று.

இது உண்மையிலேயே பயன் தந்ததா, அல்லது எப்படியும் ஜெயித்திருக்கக் கூடியவர்களுக்குத்தான் பணம் போனதா? சப்ரினா ஹோவெல் என்ற பொருளியல் அறிஞர் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். அமெரிக்க எரிசக்தித் துறைக்கு வந்த விண்ணப்பங்களின் தரவரிசையை எடுத்துக்கொண்டார். மயிரிழையில் பணம் பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். நம் மொழியில் சொன்னால் 35 மதிப்பெண் எடுத்தவரையும் 34 எடுத்தவரையும் ஒப்பிடுவது போல. இருவரின் திறமையிலும் பெரிய வேறுபாடு இருக்காது அல்லவா?

அவர் கண்டது இது. முதல் படியின் சிறு தொகையைப் பெற்ற நிறுவனங்களுக்கு, பின்னர் தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. காப்புரிமைகளும் விற்பனை வருவாயும் கூடின. கையில் காசில்லாத நிறுவனங்களுக்கே பயன் அதிகம். இரண்டாம் படியின் பெரிய தொகைக்கு அத்தகைய தெளிவான பயன் தெரியவில்லை. 'அரசே தேர்ந்தெடுத்தது' என்ற முத்திரையால் இந்தப் பயன் வந்ததாகவும் தெரியவில்லை. அந்தப் பணத்தில் ஒரு மாதிரியைச் செய்து பார்க்க முடிந்தது. செய்து பார்த்ததால் சந்தேகம் குறைந்தது. அதனால் அடுத்தவர் நம்பிப் பணம் போட்டார். அவ்வளவுதான்.

இந்த முடிவை ஆசிரியர்களாகிய நாம் இரண்டு முறை படிக்க வேண்டும். பாராட்டுச் சான்றிதழைவிட, கையால் ஒரு முறை செய்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பே ஒருவரை முன்னேற்றுகிறது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதி எழுதியே பிழைக்கும் நிறுவனங்கள் அங்கே தோன்றின. எழுதுவதில் வல்லவர்கள், பணம் வாங்குவார்கள், அறிக்கை தருவார்கள், சந்தைக்கு ஒரு பொருளும் வராது. அவற்றை 'ஆலைகள்' என்றே அங்கு கேலியாக அழைக்கிறார்கள். விண்ணப்பம் அரைக்கும் ஆலைகள்! இதைப் படித்த அன்று எனக்கு அந்த ஐந்து தட்டச்சு யோசனைகளின் நினைவு வந்தது. அழகாக எழுதப்பட்ட தாளுக்குப் பணம் போகும்; அழுக்குக் கையோடு நிற்பவருக்குப் போகாது. இந்த நோய் எந்த நாட்டுத் திட்டத்துக்கும் வரும். எந்தப் பள்ளிக்கும் வரும். எனக்கு வந்தது.

நம் நாட்டில்

இந்தியாவிலும் இந்த மூன்று படிகளின் சாயல் இருக்கிறது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் சிறு நிறுவனங்களின் புத்தாக்க ஆராய்ச்சிக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் அந்தத் துறையின் கீழ் 'பைராக்' என்ற அமைப்பு உருவானது. அது தரும் 'பிக்' என்னும் தொடக்க நிதி 50 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பதினெட்டு மாதத்துக்குள் யோசனையைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

பிற துறைகளில், மாதிரி செய்து பார்க்க 10 இலட்சம் ரூபாய் வரை தரும் 'நிதி பிரயாஸ்' இருக்கிறது. 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி செய்யவும் சோதிக்கவும் 20 இலட்சம் ரூபாய் வரை மானியம் என்று வகுக்கப்பட்டது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டத்தில், ஏற்கப்பட்ட கல்வி நிறுவனம் ஒன்றின் துணையோடு ஒரு யோசனைக்கு 15 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தமிழ்நாட்டில் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் 'டான்சீட்' தொடக்க நிதி, தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் திட்டங்கள் ஆகியவை இருக்கின்றன. மூன்றாம் படியான சந்தைக்கும் ஒரு வழி உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் தாங்கள் வாங்குவதில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதற்குள் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடும் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடும் உள்ஒதுக்கீடு.

இவற்றுள் பலவற்றுக்கும் விண்ணப்பம் இணையவழி, பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொழில்நுட்ப வளர் மையம் ஒன்றின் வழியாகப் போக வேண்டும். பொறியியல் கல்லூரி வளாகத்துக்குள் இருப்பவருக்கு இது எட்டும். பத்தாம் வகுப்போடு நின்ற லேத் தொழிலாளிக்கு எட்டுமா? அவருக்கும் இந்தக் கதவுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. ஊரில் அந்த வேலையைச் செய்யக் கூடியவர் யார்? நான் பதில் சொல்லாமலே நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆமாம், ஏற்கெனவே எல்லாப் படிவங்களையும் நாம்தான் நிரப்புகிறோம்!

படிக்காதவர்களின் புதுமைக்கென்றே ஒரு வாசலும் இருக்கிறது. பேராசிரியர் அனில் குப்தாவும் அவரது தேனீ வலையமைப்பும் ஊர் ஊராக நடந்து, உழவர்களும் கைவினைஞர்களும் கண்டுபிடித்தவற்றைத் தேடிப் பதிந்தார்கள். அதன் தொடர்ச்சியாக அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு 2000இல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை தொடங்கப்பட்டது. குஜராத்தின் மன்சுக்பாய் பிரஜாபதி, மின்சாரம் இல்லாமல் காய்கறி வாடாமல் காக்கும் களிமண் குளிர்பெட்டியைச் செய்தவர். அவரைப் போன்ற பலருக்கு இந்த வலையமைப்பு கைகொடுத்தது. இங்கே விண்ணப்பதாரர் அலுவலகத்தைத் தேடி வரவில்லை. அமைப்பு அவரைத் தேடிப் போனது. திட்டம் வகுப்போர் கவனிக்க வேண்டிய வேறுபாடு இது.

பள்ளியில் தொடங்கும் முதல் படி

நாம் அனுப்பும் இன்ஸ்பயர் மானக் யோசனைகளை இதே அறக்கட்டளைதான் அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து நடத்துகிறது. தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய். தொகையைப் பார்த்துச் சிறிது என்று நினைக்க வேண்டாம். நான் சொன்ன முதல் படி இதுதான். 'நடக்குமா என்று செய்து பார்' என்று அரசு ஒரு குழந்தையிடம் தரும் பணம்.

திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவில் துணி தேய்ப்பவரின் கரிப்பெட்டியையும் எரித்துக் கொட்டிய கரியையும் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை யோசித்த மாணவி. 2019இல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் இக்னைட் விருது கிடைத்தது. அந்த அறக்கட்டளையின் பொறியாளர்கள் முழு அளவு மாதிரியை உருவாக்க உதவினார்கள். 2021இல் எர்த்ஷாட் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்று, கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். மேடைப் பேச்சைத்தான் நாம் மாணவர்களுக்குக் காட்டுகிறோம். நான் காட்டச் சொல்வது அதற்கு முந்திய இரண்டு காட்சிகளை. முதலாவது, தெருவில் தேய்ப்பவரின் சிரமத்தைக் கவனித்த கண். இரண்டாவது, ஒரு பள்ளி மாணவியின் யோசனையை வாங்கிப் பொறியாளர்கள் செய்து பார்த்தது. இரண்டாவது நடக்காமல் போயிருந்தால் முதலாவது நோட்டுப் புத்தகத்திலேயே தங்கியிருக்கும்.

நம் மாநிலத்தில் பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம், தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித் துறை, யுனிசெஃப் ஆகியவை சேர்ந்து நடத்துவது. நீங்கள் வழிகாட்டி ஆசிரியர்களாக இங்கு வந்திருப்பதே இப்படிப்பட்ட பணிக்காகத்தான். எனவே என் அனுபவத்திலிருந்து சில நடைமுறைச் செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, யோசனையைக் கேட்பதற்கு முன் சிரமத்தைக் கேளுங்கள். "புதுசா ஒண்ணு கண்டுபிடி" என்றால் பிள்ளை இணையத்தைத் தேடும். "உங்க வீட்டுல யாருக்கு எந்த வேலை உடம்பை வலிக்க வைக்குது?" என்று கேட்டால் வீட்டைப் பார்க்கும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை மிக நன்றாகச் செய்யலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் மாதிரி செய்ய முடியாது. ஆனால் அப்பாவின் பட்டறையிலோ அம்மாவின் அடுப்படியிலோ எது கஷ்டம் என்று பார்த்து வந்து சொல்ல முடியும். மாதம் ஒரு நாள் அப்படிச் சொல்ல வைத்தால் போதும்.

இரண்டாவது, எழுத்தையும் யோசனையையும் தனித்தனியே பாருங்கள். பிழையோடு எழுதியிருந்தால் எழுத நாம் உதவலாம். அது நம் வேலை. யோசனை இரவலாக இருந்தால் நம்மால் உதவ முடியாது. ஒரே ஒரு கேள்வி போதும்: "இது யாருக்காக?" சொந்த யோசனைக்காரர் ஓர் ஆளின் பெயரைச் சொல்வார். மற்றவர் 'சமுதாயத்துக்காக' என்பார்.

மூன்றாவது, தோற்ற மாதிரிக்கும் இடம் கொடுங்கள். கண்காட்சியில் இயங்காத மாதிரியை மேசைக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம். அதன் பக்கத்தில் 'ஏன் இயங்கவில்லை' என்று ஓர் அட்டையை எழுதி வைக்கச் சொல்லுங்கள். நடுவராக வரும் பொறியாளர் அந்த மேசையில்தான் அதிக நேரம் நிற்பார், நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, உண்மையிலேயே புதிதாக இருக்கக் கூடும் என்று தோன்றினால், அவசரப்பட்டு எங்கும் வெளியிட வேண்டாம். வாட்ஸ்அப் நிலைத்தகவலிலும் நாளிதழிலும் செய்முறை முழுவதும் வந்துவிட்டால், பின்னர் காப்புரிமை கேட்கும்போது 'இது ஏற்கெனவே ஊரறிந்தது' என்று மறுக்கப்படலாம். தனிநபர் இணையவழியில் காப்புரிமை விண்ணப்பம் செய்ய அரசுக் கட்டணம் 1,600 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஆவணம் எழுதுவதுதான் கடினம். அதற்கு அருகிலுள்ள கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைக் கேட்கலாம்.

ஐந்தாவது, பள்ளிக்குப் பக்கத்துப் பட்டறையை அழைத்து வாருங்கள். சில பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கும். எல்லாப் பள்ளிக்கும் அது இல்லை. ஆனால் லேத், வெல்டிங், தச்சு வேலை, மோட்டார் சுற்றும் கடை, தையல் கூடம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. அங்கு வேலை செய்பவர் பெரும்பாலும் நம் பழைய மாணவர். சனிக்கிழமை ஒரு மணி நேரம் கேட்டால் மறுக்க மாட்டார்.

அந்தத் தாளுக்குத் திரும்புவோம்

சென்ற ஆண்டு வீட்டு மோட்டார் பழுதாகி ஒரு பட்டறைக்குப் போனேன். "வாங்க டீச்சர், என்னைத் தெரியுதுங்களா?" என்று ஒருவர் எழுந்து வந்தார். அந்த மாணவர்தான். இரண்டு பேரோடு சேர்ந்து வாடகைக்கு ஒரு கூடம் எடுத்து ஜாப் ஒர்க் செய்கிறார். தேநீர் வந்தது. நான் கிரைண்டர் படத்தைப் பற்றிக் கேட்டேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"அதுங்களா டீச்சர், அம்மா டில்டிங் கிரைண்டர் வாங்கிட்டாங்க. இப்ப கல்லைத் தூக்கவே வேண்டியதில்லை."

எனக்கு ஒரு நிம்மதி. அப்படியானால் நான் அனுப்பாததால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதைச் சொல்லியும் விட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"நீங்க அனுப்பியிருந்தாலும் கிடைச்சிருக்குமோ என்னமோங்க டீச்சர். ஆனா ஒரு தடவை செஞ்சு பாத்திருந்தா, அது ஏன் வேலைக்கு ஆகாதுன்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

குறை சொல்லும் குரல் அல்ல அது. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. சப்ரினா ஹோவெல் அத்தனை விண்ணப்பங்களை ஆராய்ந்து கண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது அவரிடம் இன்னொரு யோசனை இருக்கிறது. பம்ப் பாகம் ஒன்றைப் பிடித்துக் கடைவதற்கு ஒரு ஃபிக்சர். அதைச் செய்தால் ஒரு பாகத்துக்கு ஆகும் நேரம் குறையும் என்கிறார். வங்கிக்குப் போய் வந்திருக்கிறார், ஈடு கேட்டிருக்கிறார்கள். உத்யம் பதிவுக்கு மட்டும் ஓர் இடைத்தரகருக்கு 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். அந்தப் பதிவு முற்றிலும் இலவசம். ஆதார் எண்ணை வைத்து அரசு இணையதளத்தில் நாமே செய்யலாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் கூலி, இரண்டு நாள் கூலி போனதைவிட, ஏமாந்துவிட்டோமே என்பதுதான் வலி.

இரண்டு மாலைப் பொழுதுகள் அவரோடு உட்கார்ந்தேன். அவர் தமிழில் சொன்னதை எழுதினேன். மாவட்டத் தொழில் மையத்துக்குச் சேர்ந்து போனோம். அங்கிருந்து ஒரு கல்லூரி வளர் மையத்துக்கு வழி சொன்னார்கள். விண்ணப்பம் போயிருக்கிறது. இன்று வரை முடிவு வரவில்லை. வந்தால்தான் இந்தக் கதை நல்ல கதை என்று நான் நினைக்கவில்லை. ஏழெட்டு ஆண்டு தாமதமாக, அவருடைய தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நண்பர்களே, அரசு பெரிய தொகைகளை ஒதுக்குகிறது. அதற்குக் குழுக்களும் விதிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரு புதுமைக்கு வரும் முதல் 'சரி, செய்து பார்' என்ற அனுமதி, ஊரில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரிடமிருந்துதான் கிடைக்கிறது. அதை நாம் மறுத்தால் எந்தத் துறையிலும் மேல்முறையீடு கிடையாது. பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடும்.

இந்த ஆண்டு யோசனைகளைப் பதிவேற்றும் நாள் நெருங்கும்போது, உங்கள் மேசையில் பல தாள்கள் சேரும். தட்டச்சு செய்த தாள்களைப் பிறகு பாருங்கள். நோட்டிலிருந்து கிழித்த தாள் ஏதாவது இருந்தால், அதை முதலில் எடுத்துப் படியுங்கள்.